பாரைக் கேட்ட பேராசிரியர்

சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டி. இந்தப் பெயர்களைக் கேட்டால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இடப்பெயர்வும் கடற்படை முகாமும்தான். இதே கரைக்கு 1902 தை மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பெயர் வில்லியம் ஹேர்ட்மன். 1858இல் எடின்பரோவில் பிறந்து, லிவர்பூலில் விலங்கியல் கற்பித்தவர்.

1891க்குப் பிறகு முத்துச் சலாபம் நடக்கவில்லை. கோடிக்கணக்கில் தென்பட்ட இளஞ்சிப்பிகள் அடுத்த முறை பார்க்கும்போது இல்லை. அரசுக்கு வருமானம் போன கவலை. காரணத்தைக் கண்டுபிடித்துத் தரும்படி அவரை அழைத்தார்கள்.

எனக்கு அவரில் பிடித்தது, ஒரே ஒரு குற்றவாளியைத் தேடாததுதான். கப்பலில் போய் ஒவ்வொரு பாராக அடிநிலத்தை அள்ளிப் பார்த்தார். பெரியபாரில் குஞ்சுச் சிப்பி ஏராளமாகப் படியும். ஆனால் அது ஆழம் சடுதியாக இறங்கும் விளிம்புக்குக் கிட்ட இருக்கிறது. தென்மேற்குப் பருவக் கடல் சிப்பியை அடித்துக்கொண்டு போய்விடும். வேறு பார்களை மணல் மூடும், திருக்கை தின்னும், நெருக்கத்தில் சிப்பியே சிப்பியைக் கொல்லும். மனிதர் அளவுக்கு மிஞ்சி அள்ளுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. குஞ்சுகளைப் பாதுகாப்பான பாருக்கு மாற்றுங்கள், அவை பற்றிப் பிடிக்கக் கல் போடுங்கள், ஓர் உயிரியலாளர் இங்கேயே இருந்து கவனிக்கட்டும் என்றார். உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னலை விட்டுவிட்டுப் போனார். நாடாப்புழுவின் குடம்பியால்தான் முத்து விளைகிறது என்ற அவருடைய கருத்து பின்னாளில் நிலைக்கவில்லை. பாரைப் பற்றி எழுதியது நிலைத்தது. அறிக்கை ஐந்து பாகங்களாக 1903 முதல் 1906 வரை வெளிவந்தது.

அதற்குள் கடல் தானாகவே கொடுக்கத் தொடங்கிவிட்டது. 1905இல் மட்டும் சுமார் 8 கோடி சிப்பி. அரசுக்கு 25 இலட்சம் ரூபா. அந்தக் கணக்கை மட்டும் படித்தவர்கள் 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பனியிடம் கொடுத்தார்கள். ஆண்டுக்கு 3,10,000 ரூபா. 1907க்குப் பிறகு சிப்பி இல்லை. கம்பனியும் சில ஆண்டுகளில் கலைந்தது.

இன்று இழுவைமடியைப் பற்றிப் பேசும்போதும் எங்கள் பேச்சு யாருடைய படகு என்பதிலேயே நிற்கிறது. 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. மடி வாரிப்போன அடிநிலத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

ஹேர்ட்மனின் மகன் ஜோர்ஜ் 1916இல் சோம் போர்க்களத்தில் கொல்லப்பட்டான். பிள்ளையைப் போருக்குக் கொடுத்த தகப்பன்மாரை நாங்கள் அறிவோம். அவர் மகன் பெயரில் லிவர்பூலில் புவிச்சரிதவியற் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவினார். 1919இல் கடலியலுக்கும் ஒன்று. 1922இல் மனைவியும் போனார். 1924இல் அவர் இறந்தார். மன்னாரில் அடுத்த சலாபம் நடந்தது 1925இல்.