கேரி டெரிக்: பதவி தந்தார்கள், அதிகாரம் தரவில்லை

கனடாவின் மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள டொலார்ட்-டெஸ்-ஓர்மோ, அங்கு குடியேறிய இலங்கைத் தமிழர்களுக்குத் திருமுருகன் கோயில் இருக்கும் நகரமாக நன்கு அறிமுகமானது. 1924 ஆம் ஆண்டு அது தனி உள்ளூராட்சிப் பிரிவாக உருவானபோது, அங்கு வாழ்ந்த பெண்கள் ஒரு விசித்திரமான நிலையில் இருந்தனர். ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கு அவர்கள் வாக்களிக்கலாம். கியூபெக் மாகாண சட்டமன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. இந்நிலை 1940 வரை நீடித்தது. டொனமூர் அரசியல் யாப்பின் கீழ் இலங்கைப் பெண்களுக்கு சர்வசன வாக்குரிமை 1931 இலேயே கிடைத்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கியூபெக்கில் இதற்காக நடந்த நீண்ட போராட்டத்தின் முதற்கட்டத்தை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர், மெக்கில் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆசிரியை கேரி மட்டில்டா டெரிக்.

அவர் 1862 ஜனவரி 14 ஆம் தேதி, கியூபெக்கின் தென்பகுதியில் அமெரிக்க எல்லைக்கு அருகிலுள்ள கிளாரன்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினைந்து வயதிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய அவர், மெக்கில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, தாம் படித்த ஊர்ப் பள்ளிக்கே தலைமையாசிரியை ஆனார். மெக்கில் பல்கலைக்கழகம் பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1884 இல்தான். மூன்று ஆண்டுகள் கழித்து அங்கு சேர்ந்த டெரிக், 1890 இல் இயற்கை அறிவியலில் முதலிடம் பெற்றுப் பட்டம் பெற்றார். உடன் படித்த மோட் அபட் மருத்துவம் பயில விரும்பியபோது, அதே பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு பெண் என்ற காரணத்தால் அவரை ஏற்க மறுத்தது. ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவு பூட்டியிருந்த காலம் அது.

1891 இல் டெரிக் தாவரவியல் துறையில் பகுதிநேரச் செய்முறைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். மெக்கில் பல்கலைக்கழகத்தின் போதனைப் பணிக்கு வந்த முதல் பெண் அவரே. ஐந்து ஆண்டுகளில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குத் தேவையான ஆய்வை மேற்கொண்டார். ஆனால் பெண்களுக்கு அப்பட்டத்தை வழங்கும் வழக்கம் அன்று அங்கு இருக்கவில்லை. ஆய்வோடு ஊர் திரும்பினாரே தவிர, பட்டத்தோடு அல்ல. 1905 இல் உதவிப் பேராசிரியராக உயர்த்தப்பட்டபோதும், அதே நிலையில் இருந்த ஆண்களின் ஊதியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அவருக்குக் கிடைத்தது.

அவரது வாழ்வின் திருப்புமுனை அடுத்து வந்தது. துறைத் தலைவர் டேவிட் பென்ஹாலோ 1909 இல் நோயுற்றதும், துறையை நடத்தும் பொறுப்பு டெரிக்கிடம் வந்தது. பென்ஹாலோ மறுஆண்டு காலமானார். மூன்று ஆண்டுகள் துறையை நிர்வகித்த டெரிக்கே அப்பதவிக்கு உரியவர் எனப் பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் 1912 இல் அப்பதவி அமெரிக்காவிலிருந்து வந்த பிரான்சிஸ் லாயிடுக்கு வழங்கப்பட்டது. டெரிக்குக்குத் தாவர உருவவியல் பேராசிரியர் என்ற பதவி தரப்பட்டது. கனடாவில் முழுநிலைப் பேராசிரியரான முதல் பெண் என்ற பெருமை இதனால் அவரைச் சேர்ந்தது. ஆனால் அதனுடன் ஊதிய உயர்வு வரவில்லை. பேராசிரியர் அவையில் இடமும் கிடைக்கவில்லை. அது மரியாதைக்காகத் தரப்பட்ட பெயர் மட்டுமே என்பதும் அவருக்கு உணர்த்தப்பட்டது. உருவவியல் அவரது சிறப்புத்துறையும் அல்ல. அவர் கற்பித்து வந்தது பரிணாமமும் மரபியலும். இவ்வகைப் பாடத்தைக் கனடாவில் முதலில் அறிமுகப்படுத்தியவராக அவரே கருதப்படுகிறார்.

மறுஆண்டே, 1913 இல், மொன்றியல் வாக்குரிமைச் சங்கம் உருவானபோது அதன் தலைவராக டெரிக் பொறுப்பேற்றது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. ஏற்கனவே மொன்றியல் பெண்கள் பேரவையின் தலைவராக இருந்த அவர், சமூகப் பணிக்குப் பெண்களை அழைத்துக்கொண்டு, முடிவெடுக்கும் இடத்தில் அவர்களை விலக்கி வைக்கும் நடைமுறையைத் தமது பணியிடத்திலேயே அனுபவித்தவர்.

சங்கத்தின் பலவீனம் மொழி சார்ந்தது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நடுத்தர வர்க்கத்தினர். மாகாணத்தின் பெரும்பான்மையினரோ பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்கர். பெண்களின் வாக்குரிமையைத் திருச்சபை எதிர்த்தது. அது ஆங்கிலேயரின் இறக்குமதி என்ற பிரச்சாரமும் எடுபட்டது. உண்மையில் 1791 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சொத்துடைய கியூபெக் பெண்கள் வாக்களித்து வந்தனர். 1849 இல்தான் சட்டத்தின் மூலம் அவர்கள் விலக்கப்பட்டனர். இந்த வரலாறு அப்போது பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது.

1918 இல் கனடிய நாடாளுமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. அதிலும் எல்லோரும் அடங்கவில்லை. பூர்வகுடிகளில் பெரும்பாலோர் 1960 வரை காத்திருந்தனர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கு 1947 வரை வாக்குரிமை இல்லை. மறுஆண்டு மொன்றியல் சங்கம் கலைக்கப்பட்டது. மாகாணப் போராட்டத்தைப் பின்னர் மரி ஜெரான்-லஜுவா, தெரேஸ் காஸ்கிரேன், மெக்கிலில் பிரெஞ்சு கற்பித்த இதோலா சென்-ஜான் ஆகியோர் முன்னெடுத்தனர். சட்டமூலங்கள் சட்டமன்றத்தில் மீண்டும் மீண்டும் தோற்கடிக்கப்பட்டன.

டெரிக்கைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத ஒன்று உண்டு. மரபியல் கற்பித்த அவர், அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த இனமேம்பாட்டுக் கொள்கையையும் ஆதரித்தார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என அன்று வகைப்படுத்தப்பட்டவர்களைச் சமூகத்திலிருந்து பிரித்துத் தனி நிலையங்களில் வைக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. தமது உரிமைக்காக வாதாடியவர், குரலற்ற வேறொரு பிரிவினரின் உரிமையைக் காணத் தவறினார் என்பதே உண்மை. நினைவுக் குறிப்புகள் பல இதைச் சொல்லாமலே கடந்து விடுகின்றன.

1929 இல் ஓய்வுபெற்ற அவருக்கு மெக்கில் தகைசார் பேராசிரியர் தகுதியை வழங்கியது. அங்கு அத்தகுதியைப் பெற்ற முதல் பெண் அவர். அதெலார் கொத்பூவின் லிபரல் அரசு 1940 ஏப்ரல் 25 ஆம் தேதி கியூபெக் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியபோது டெரிக்குக்கு வயது 78. மறுஆண்டு நவம்பர் 10 ஆம் தேதி அவர் காலமானார். பெண்கள் வாக்களித்த முதலாவது மாகாணப் பொதுத் தேர்தல் 1944 ஆகஸ்டில்தான் நடைபெற்றது.