ஹெர்பர்ட் சாப்மன்

ஹெர்பர்ட் சாப்மன் (ஜனவரி 19, 1878 – ஜனவரி 6, 1934) இங்கிலாந்தைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரரும் மேலாளரும் ஆவார். ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன், ஆர்சனல் ஆகிய இரு கழகங்களையும் இங்கிலாந்தின் முதன்மைக் கழகங்களாக உயர்த்தியவர். அதற்கு முன்னர், கடன்பட்டிருந்த லீட்ஸ் சிட்டி கழகத்திலிருந்து 1918 இல் விலகிய இவர், பின்னர் அக்கழகத்தின் கணக்குகள் தொடர்பாக ஆட்டத்துறையிலிருந்தே தடை செய்யப்பட்டார்.

இளமைக் காலம்

யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள கிவெட்டன் பார்க் என்னும் சுரங்க ஊரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். ஷெஃபீல்டில் சுரங்கப் பொறியியல் பயின்றார். பல கழகங்களுக்கு ஆடியபோதிலும் ஆட்டக்காரராகப் பெரும்புகழ் பெறவில்லை. 1907 இல் நார்தாம்ப்டன் டவுன் கழகத்தில் ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் பொறுப்பேற்றார். 1908–09 பருவத்தில் அக்கழகம் தெற்குக் கூட்டிணைவின் வாகையர் ஆனது.

லீட்ஸ் சிட்டி

1912 இல் லீட்ஸ் சிட்டியின் மேலாளரானார். அப்போது அக்கழகம் இரண்டாம் பிரிவின் கடைநிலையை ஒட்டி இருந்தது. கடன் சுமையும் மிகுந்திருந்தது. சாப்மனின் பொறுப்பில் 1913–14 பருவத்தில் நான்காம் இடத்தைப் பெற்றது. இரண்டே புள்ளிகளில் முதற்பிரிவுக்கான வாய்ப்பை இழந்தது.

முதலாம் உலகப் போர் காரணமாக 1915 இல் கூட்டிணைவுப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. போர்க்காலத்தில் வட்டாரப் போட்டிகள் மட்டுமே நடைபெற்றன. அவற்றில் ஆடுவோருக்குச் செலவுத்தொகை தவிர ஊதியம் வழங்கலாகாது என்பது விதி. 1916 இல் சாப்மன் பார்ன்போ வெடிபொருள் தொழிற்சாலையில் நிர்வாகப் பணிக்குச் சென்றார். கழகத்தின் அலுவல்களை வேறொருவர் கவனித்தார். போர் முடிந்ததும் திரும்பிய சாப்மன், 1918 டிசம்பரில் பதவி விலகி, செல்பி நகரில் ஓர் எண்ணெய் ஆலையில் பணியேற்றார்.

தடை

1919 இல், ஊதியம் பற்றிய பிணக்கினால் கழகத்தை விட்டு நீங்கிய ஆட்டக்காரர் ஒருவர், போர்க்காலத்தில் லீட்ஸ் சிட்டி விதியை மீறிப் பணம் கொடுத்ததாகப் புகார் அளித்தார். விசாரணைக் குழு கேட்ட கணக்கேடுகளைக் கழகம் ஒப்படைக்க மறுத்தது. அதனால் அக்டோபர் 1919 இல், எட்டு ஆட்டங்களே முடிந்திருந்த நிலையில், கழகம் கூட்டிணைவிலிருந்து நீக்கப்பட்டுக் கலைக்கப்பட்டது. அதன் ஆட்டக்காரர்கள் அக்டோபர் 17 அன்று லீட்ஸ் நகர விடுதி ஒன்றில் ஏலம் விடப்பட்டனர். எஞ்சிய ஆட்டங்களை போர்ட் வேல் கழகம் ஏற்றது. லீட்ஸ் நகருக்கென லீட்ஸ் யுனைட்டெட் என்னும் புதிய கழகம் தொடங்கப்பட்டது.

பத்து மாதங்களுக்கு முன்னரே விலகிவிட்டபோதிலும், கழகத்தின் செயலாளராகவும் மேலாளராகவும் இருந்தவர் என்ற முறையில் சாப்மனும் தடை செய்யப்பட்டார். 1920 இன் இறுதியில் ஆலை வேலையையும் இழந்தார்.

மீட்சி

1921 இல் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் இவரைத் துணை மேலாளராக அமர்த்த விரும்பியது. அக்கழகமும் 1919 இல் பணமுடையால் லீட்ஸுக்கு இடம்பெயரவிருந்து, ஊர்மக்களின் முயற்சியால் தப்பியதாகும். புகாருக்குரிய காலத்தில் சாப்மன் தொழிற்சாலைப் பணியில் இருந்தார் என அக்கழகம் அவருக்காக முறையிட்டது. தடை நீக்கப்பட்டது. சில வாரங்களில் மேலாளராகவும் உயர்ந்தார்.

ஹடர்ஸ்ஃபீல்ட் 1922 இல் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கக் கோப்பையையும், 1924, 1925 ஆம் ஆண்டுகளில் கூட்டிணைவு வாகையையும் வென்றது. இவர் நீங்கிய பின் 1926 இலும் வென்று, தொடர்ந்து மும்முறை வாகை சூடிய முதற்கழகம் ஆனது.

ஆர்சனல்

1925 இல் ஆர்சனல் கழகத்தில் சேர்ந்தார். 1930 இல் கோப்பையும், 1931, 1933 ஆம் ஆண்டுகளில் கூட்டிணைவு வாகையும் கிடைத்தன. ஆட்டக்காரர்களை இயக்குநர்களே தெரிவு செய்த காலத்தில், அப்பொறுப்பு மேலாளருக்கே உரியது என நிலைநாட்டியவர் இவர். 'டபிள்யூ எம்' எனப்படும் ஆட்ட அமைப்பு இவரது காலத்தில் உருப்பெற்றது. இவரது முயற்சியால் 1932 இல் கில்லெஸ்பி ரோடு சுரங்கத் தொடருந்து நிலையம் ஆர்சனல் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மறைவு

நுரையீரல் அழற்சியால் 1934 ஜனவரி 6 அன்று தமது 55 ஆம் வயதில் காலமானார். ஆர்சனல் 1934, 1935 ஆம் ஆண்டுகளிலும் வாகை சூடியது. 2003 இல் இங்கிலாந்துக் காற்பந்துப் புகழ்மன்றத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. 2011 இல் ஆர்சனல் விளையாட்டரங்கின் வெளியே இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.