மூணாம் வகுப்பு படித்தவர் செய்த கார்



எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் படியேறிய முதல் ஆள் நான்தான். அம்மா பயர் ஆபீசில் சரம் பின்னுறாங்க. அப்பாவும் அதே வேலைக்குப் போனவர்தான். எங்கள் வீட்டு வாசலில் ஒரு வருஷமாக ஒரு கார் நிற்கிறது. கார் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஆட்டோ இன்ஜின், ஸ்கொயர் பைப்பில் வெல்டிங் வைத்த சேசிஸ், நாலு சக்கரம், ரெண்டு சீட், அவ்வளவுதான். நானும் என் வகுப்புப் பசங்க மூணு பேரும் சேர்ந்து செய்தது. இதெல்லாம் கம்பெனிக்காரன் செய்ற வேலை, உங்களுக்கு எதுக்குப்பா என்று தெருவே சிரித்தது. அப்போது ஒரு விரிவுரையாளர் எனக்குச் சொன்ன பெயர்தான் ஜி.டி.நாயுடு. அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை இந்த ஆண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாயுடு அவர்கள் 1893 மார்ச் 23-ல் கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. மூணாம் வகுப்போடு படிப்பு நின்று போனது. வாலிப வயதில் ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடும் இல்லாமல் மிதிக்கவும் செய்யாமல் ஓடுகிற வண்டி! அதை வாங்கியே தீருவது என்று கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து அந்த வண்டியை வாங்கவும் செய்தார்.

வாங்கியவர் ஊர் சுற்றப் போகவில்லை. வண்டியை அக்கு அக்காகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். நண்பர்களே, இது லேசான வேலை இல்லை. நாங்கள் ஆட்டோ இன்ஜினைக் கழற்றி மாட்டியபோது கடைசியில் ரெண்டு வாஷர் மிஞ்சியது. மறுபடியும் எல்லாத்தையும் பிரித்தோம். எந்தப் புத்தகமும் சொல்லித்தராததை அந்த ரெண்டு வாஷர் சொல்லித்தந்தது. நாயுடுவுக்கு அந்த ரட்ஜ் வண்டிதான் பாலிடெக்னிக்!

பிறகு பஞ்சு வியாபாரத்தில் இறங்கி நஷ்டப்பட்டார். கோவையில் தொழில் நடத்திய ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் ஓட்டினார். டிரைவரும் அவரேதான். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் அவருடைய தொழிற்சாலையில் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் தயாரித்தார். நம் நாட்டிலேயே செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பேட்டரியில் ஓடும் சவரக் கருவியும் அவர் கண்டுபிடிப்புதான்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமாக இருந்தவர் அவர். மூணாம் வகுப்பு படித்தவரே அதற்கு முதல் பிரின்சிபால்! பட்டறையில் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் இத்தனை வருஷப் படிப்பு தேவையில்லை என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிவிட்டார்.

இனி காருக்கு வருவோம். இங்கிலாந்தில் 1957-ல் லோட்டஸ் கம்பெனி செவன் என்ற காரைப் பாகம் பாகமாக விற்றது. வாங்கினவர்கள் வீட்டு ஷெட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். அதற்கு 5 வருஷம் முன்னாலேயே, 1952-ல், நாயுடு ரெண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். ஆனால் தயாரித்து விற்க அரசு லைசென்ஸ் தரவில்லை. கார் அதோடு நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. அந்த வேகத்தில் ஒருநாள் ராத்திரி எங்கள் வண்டியை ஊர் ரோட்டில் எடுத்தோம். திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வேலிக்கருவைப் புதருக்குள் போய் நின்றது. முள் கிழித்ததோடு தப்பித்தோம். எதிரே ஒரு சைக்கிள் வந்திருந்தால்? வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. வலது கையை மட்டும் நீட்டிக் காட்டினார். மருந்து பற்றிக்கொண்டதில் விரல்கள் ஒட்டிப்போன கை அது.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதை நம் மாவட்டத்தில் யார் மறப்பார்கள்? ஒரு அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று எழுதி வைத்திருப்பது எதற்காக என்று நமக்குத் தெரியும். அதனால் லைசென்ஸ் என்ற சொல்லையே வெறுக்க என்னால் முடியவில்லை. ஆனாலும் நாயுடு விஷயத்தில் மனசு ஆறவில்லை. பிரேக் சரியில்லை என்றால் சரிசெய்து கொண்டு வா என்று சொல்லலாம். செய்யவே செய்யாதே என்று கதவை அடைத்தால், அடுத்து செய்ய வருகிறவன் என்ன ஆவான்?

நாயுடு அவர்கள் 1974 ஜனவரி 4-ல் காலமானார். கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயர் தாங்கிய கார் மியூசியம் இருக்கிறது. ஒருநாள் அம்மா அப்பாவோடு போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டியில் இப்போது பிரேக் டிரம்மைக் கழற்றிப் போட்டிருக்கிறோம். இனி கல்லூரி மைதானத்தில் மட்டும்தான் ஓட்டுவோம்; அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஜூனியர் தம்பி தங்கைகளே, கை கறுப்பாக ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலுக்கு வாருங்கள். ஸ்பானர் செட் ஒன்றுதான் இருக்கிறது, முறை வைத்துக்கொள்வோம்!