செம்மண்ணைப் படித்த செம்மல்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

ஏட்டைப் படித்துப் புகழெய்தினோர் பலர். நிலத்தையே ஏடாகக் கொண்டு படித்துப் புகழெய்தினோர் ஒரு சிலரே. அச்சிலருள் நம் தொண்டைநாட்டு மண்ணோடு நீங்காத் தொடர்புடையவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர். அவரது வரலாற்றைச் சுருங்கக் கூறி, அவ்வழியே மண் பிறக்கும் முறையையும் நம் கலாசாலை மாணவர்க்கு ஓரளவு விளக்கக் கருதுகின்றோம்.

ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள செல்ட்டன்ஹாம் நகரிற் பிறந்தார். தாமஸ் ஓல்டாம் என்பவர் தலைமையில் 1851-இல் தோன்றிய இந்திய நிலநூல் ஆய்வுத்துறையில் 1858-ஆம் ஆண்டின் இறுதியிற் சேர்ந்து, சென்னை மாகாணத்திற்கு வந்தார். அவர் மணந்துகொண்ட எலிசபெத் அம்மையார் பீற்றர் பெர்சிவல் பாதிரியாரின் புதல்வியாவார். பெர்சிவலோ, யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பின்னர்ச் சென்னையிலிருந்து 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையை நடத்தியவர். இங்ஙனம் கல்லையும் மண்ணையும் ஆராய வந்த இளைஞர் தமிழறிந்த குடும்பமொன்றின் மருகரானார்.

அக்காலத்து நிலநூலார்க்கு இடப்பட்ட பணி, ஊர் ஊராகச் சென்று எவ்விடத்தில் எவ்வகைப் பாறை, எவ்வகை மண் உளதெனக் கண்டு படம் வரைதலாம். சென்னைக்கு வடக்கும் மேற்குமாகக் கிடக்கும் நிலப்பரப்பை ஃபூட் இவ்வாறு அளந்தறிந்தார். இன்று திருவள்ளூர் மாவட்டமென வழங்கும் பகுதி பெரிதும் இதனுள் அடங்கும். அங்கே அவர் மிகுதியாகக் கண்டது செந்நிறச் சரளையும் செம்பூராங்கல்லுமே. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் பெருவழியிலுள்ள செங்குன்றம், தன் பெயராலேயே அம்மண்ணின் நிறத்தை அறிவிக்கின்றதன்றோ!

நிற்க, மண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். வெயிலாலும் மழையாலும் பாறை பிளந்து பொடியாகின்றது. வேரும் புழுவும் கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிரும் அப்பொடியிற் குடிபுகுந்து, இலைதழைகளை மக்கச் செய்து அதனோடு கலக்கின்றன. நாளடைவில் மேல்மண், அடிமண், சிதைந்த பாறை, தாய்ப்பாறை என அடுக்கடுக்காக நிலம் அமைகின்றது. தாய்ப்பொருள், தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் சாய்வு, காலம் ஆகிய ஐந்துமே ஒரு மண்ணின் இயல்பை வகுப்பன. உருசிய நாட்டுப் பேரறிஞர் தொக்குச்சாயெவ் 1883-இல் தம் நாட்டுக் கருநிலத்தைப் பற்றி வெளியிட்ட நூலால் இக்கொள்கை வலுப்பெற்றது. செவ்வல், கரிசல், வண்டல், உவர் என நம் உழவர் நிறத்தாலும் குணத்தாலும் பகுத்த பாகுபாட்டிற்கு இவ்வைந்துமே காரணமாம்.

செம்பூராங்கல்லின் பிறப்போ தனித்தன்மை உடையது. மழையும் வறட்சியும் மாறி மாறி வரும் வெப்ப நாடுகளில், மழைநீர் பாறையிலுள்ள சுண்ணத்தையும் உப்புக்களையும் மணற்சத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் உயிர்வளியோடு கூடிய நிலையில் எஞ்சி நிற்கும். இரும்பே செந்நிறம் தருவது. வெட்டும்போது மென்மையாகவும், காற்றுப்பட்டபின் வன்மையாகவும் இருத்தலின், 1800-இல் மலையாள நாட்டிலே அங்காடிப்புறத்தில் இதனைக் கண்ட புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று இதற்கு லாட்டரைட்டு எனப் பெயரிட்டார்.

இதனுள் இருவகை உண்டு. பிறந்த இடத்திலேயே தங்கியது ஒன்று. உடைந்து நீரால் அடித்துவரப்பட்டு, வேறிடத்தில் கூழாங்கற்களோடு படிந்து மீண்டும் இறுகியது மற்றொன்று. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் பெரும்பயன் உடையது. தங்கிப் பிறந்த பாறையினுள் மனிதன் செய்த பொருள் இருத்தல் இயலாது. பெயர்ந்து வந்து படிந்த சரளையினுள் அஃது இருக்குமாயின், அச்சரளை படியுமுன்னரே அவ்விடத்தைச் சூழ மனிதன் வாழ்ந்தான் என்பது தெளிவாம்.

பிரான்சு தேசத்தில் சோம் ஆற்றுச் சரளையிற் கிடைத்த கற்கருவிகள் மெய்யாகவே பழமையானவை என அறிஞர் ஒப்புக்கொண்டது 1859-இல். இச்செய்தி அறிந்திருந்த ஃபூட், 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியினின்று வெளியே எறியப்பட்ட கற்குவியலில், மனிதக் கையாற் செதுக்கப்பட்ட கல்லொன்றைக் கண்டெடுத்தார். வழியிற் செல்வோர் பன்னூறுபேர் மிதித்துச் சென்ற கல் அது. அதன் விளிம்பிலே உளியன்ன நுட்பத்தைக் காண அவர் கண் வேண்டியிருந்தது. எனினும் குழிக்கு வெளியே கிடந்த ஒரு கல் முடிந்த சான்றாகாது. ஆதலின் அவர் தேடுதலை விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், தம் தோழர் வில்லியம் கிங்குடன், கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அதிராம்பாக்கத்து ஓடையிலே மேலும் கருவிகளைக் கண்டார். சரளை அடுக்கினுள்ளேயே பதிந்திருந்த கருவிகளும் பின்னர் அவர்க்குக் கிட்டின. இந்திய நாட்டின் பழைய கற்காலம் இவ்வாறே உலகிற்குத் தெரியவந்தது.

அச்சரளை கடலாற் படிந்ததென ஃபூட் தொடக்கத்திற் கருதினார். அக்கருத்து நிலைபெறவில்லை, கடற்சிப்பிகள் அதனுட் காணப்படாமை அதற்கு மாறாயிற்று. ஆயினும் எந்த அடுக்கில் எந்தக் கல் இருந்ததென அவர் எழுதி வைத்த குறிப்புக்கள் பிற்காலத்தார்க்கு வழிகாட்டியாயின. அதிராம்பாக்கத்தின் அடியிலுள்ள களிமண் மனிதன் தோன்றுமுன்னரே உண்டான பழம்பாறை எனப் பலர் நெடுநாள் எண்ணியிருந்தனர். 1999 முதல் சாந்தி பப்பு அம்மையாரும் அவர் குழுவினரும் அங்கு அகழ்ந்தபோது அக்களியினுள்ளும் கற்கருவிகள் வெளிப்பட்டன. ஆற்று வெள்ளம் கொணர்ந்து படியவைத்த களியே அஃதென்பது தெளிவாயிற்று. அவற்றின் பழமை ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகள் என 2011-இல் வெளியாயிற்று.

ஃபூட் தம் பணியைத் தொண்டைநாட்டோடு நிறுத்தினாரல்லர். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிலநூலை 1883-இல் வெளியிட்டார். தென்கடற்கரைத் தேரிகளின் செம்மணலும் அதனுட் பேசப்படுகின்றது. 1884-இல் தம் புதல்வருடன் கர்நூல் குகைகளை ஆராய்ந்தார். பல்லாரிச் சீமையின் சாம்பல் மேடுகள் பண்டை ஆயர் எரித்த சாணத்தால் ஆனவை என விளக்கினார். 1891-இல் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின்னும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கு உழைத்தார். நாற்பதாண்டுகளாகத் திரட்டிய கற்கருவிகளும் பானையோடுகளும் 1904-இல் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தை அடைந்தன. முதுமையில் ஏற்காட்டிற் குடியிருந்த அவர், 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் உயிர்நீத்தார். அவர் தொகுத்த பட்டியல் அவர் மறைவிற்குப் பின்னரே அச்சேறியது.

இன்று திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலைகள் பல ஓங்கியுள்ளன. பலர்க்கு அவை பிழைப்பளிப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பள்ளம் நிரப்பவும் சாலை போடவும் வெட்டப்படும் செம்மண்ணும் சரளையும் வண்டியேறும்போது, அடுக்கு குலைந்துவிடுகின்றது. அடுக்கு குலைந்த மண்ணிற் கிடைக்கும் கல், பல்லாவரத்துக் குவியலிற் கிடந்த கல்லைப் போலவே, தன் காலத்தைக் கூறமாட்டாது. ஓரங்குல மேல்மண் உண்டாவதற்கே நூற்றாண்டுகள் வேண்டும். வெட்டியெடுக்க ஒரு நாழிகையும் வேண்டா. ஆதலின் தோண்டுமுன் அவ்விடத்தை ஒருமுறை படித்துவிடுதல் நம் கடனாம். பூண்டியிலுள்ள தொல்பொருட் காட்சிசாலைக்கு நம் மாணவர் ஒருநாள் சென்றுவருவாராக. மீளும் வழியிலே எங்கேனும் வெட்டுண்ட செங்கரையொன்றைக் காணின், சற்றே நின்று, அதன் அடுக்குக்களை மேலிருந்து கீழாக எண்ணிப் பார்ப்பாராக.