703-க்கு விடை கண்டவர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்குப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குத் தெற்கே, குற்றாலத்தை அடுத்த வல்லம் கிராமம் தெரிந்திருக்கும். கணித மேதை எஸ். எஸ். பிள்ளை 1901-ல் பிறந்த ஊர் அது.

ஒரு வயதில் தாய் போனார். பள்ளி இறுதி வகுப்பில் தந்தையும் போனார். படிப்பு அத்தோடு நின்றிருக்கும். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பண உதவி செய்து படிக்க வைத்தார். அந்தப் பணத்துக்கு யாரால் வட்டி கணக்கிட முடியும்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான பிள்ளை, 1770-ல் வாரிங் என்ற ஆங்கிலேயர் கிளப்பிய புதிரைப் பிடித்துக்கொண்டார்.

எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள் கூட்டி எழுதலாம். 7 என்றால் 4+1+1+1. வர்க்கத்துக்குப் பதில் ஆறாம் அடுக்கு என்றால்? ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. ஆறு மூன்றுகளைப் பெருக்கினால் 729. இப்போது 703-ஐ எழுதுங்கள்! 729 பெரிது, உதவாது. பத்து 64, அறுபத்து மூன்று 1, ஆக 73 வேண்டும். எவ்வளவு பெரிய எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவையில்லை என்று காட்டுவதுதான் கடினம். 1940-ல் பிள்ளை அதைக் காட்டினார்.

இதே புதிரின் மேல் அடுக்குகளில், அமெரிக்கப் பேராசிரியர் டிக்ஸனும் இவரும் ஒரே காலத்தில், தனித்தனியே வழி கண்டிருந்தனர்.

1950-ல் அமெரிக்கா அழைத்தது. புறப்பட்டார். ஆகஸ்டு 31-ல் கெய்ரோ அருகே விமானம் விழுந்தது. பிள்ளைக்கு அப்போது வயது 49.