துணிக்கடைக்காரர் போட்ட கடிதம்

குட்டீஸ்... டிவியில் இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கால்பந்து பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும். புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். இந்த லீக் முறையைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? ஒரு துணிக்கடைக்காரர்!

அவர் பெயர் வில்லியம் மெக்ரிகர். 1846ல் ஸ்காட்லாந்தில் உள்ள பிராக்கோ என்ற சிற்றூரில் பிறந்தார். துணி வியாபாரம் கற்றுக்கொண்டு, 1870ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு வந்து கடை போட்டார். பந்தை உதைப்பதில் அவர் சூரர் அல்ல. ஆனால், ஆட்டம் பார்ப்பதென்றால் கொள்ளை ஆசை! உள்ளூர் அணியான ஆஸ்டன் வில்லாவின் நிர்வாகக் குழுவில் 1877ல் சேர்ந்தார்.

1885ல்தான் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க இங்கிலாந்தில் அனுமதி கிடைத்தது. அதோடு தலைவலியும் வந்தது. சம்பளம் தர வேண்டுமே, பணத்துக்கு எங்கே போவது? டிக்கெட் வசூல்தான் வழி. கோப்பைப் போட்டியில் ஒருமுறை தோற்றால் வெளியேற வேண்டியதுதான். மீதி நாட்களில் நட்பு ஆட்டங்கள் நடக்கும். அதிலும், எதிரணிக்குக் கோப்பை ஆட்டம் வந்துவிட்டால், நட்பு ஆட்டம் ரத்து! ஆட்டம் பார்க்க ஆவலாக இருந்த ஜனங்களுக்கு ஏமாற்றம், கிளப்புக்கு நஷ்டம்.

மெக்ரிகர் யோசித்தார். எந்தத் தேதியில் யாரோடு யார் ஆடுவது என்று முன்பே அட்டவணை போட்டு, அதை மீறாமல் இருந்தால் என்ன? 1888 மார்ச் 2ல் முக்கியமான சில கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் லண்டனில் ஒரு கூட்டம், ஏப்ரல் 17ல் மான்செஸ்டரில் இன்னொரு கூட்டம். பிறந்தது, புட்பால் லீக்! வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெயர் மெக்ரிகருக்குப் பிடிக்கவே இல்லை. அப்போது லீக் என்றாலே அரசியல் அமைப்புகள்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும்.

மொத்தம் 12 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 11 அணிகளோடு சொந்த ஊரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆட வேண்டும். கணக்குப் போடுங்கள்... 22 ஆட்டங்கள்! செப்டம்பர் 8ல் போட்டிகள் துவங்கின. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி என்று முடிவானதோ நவம்பரில்தான்! ஆட ஆரம்பித்த பிறகு விதி போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

முதல் பட்டத்தை வென்றது பிரஸ்டன் நார்த் எண்ட் அணி. 18 வெற்றி, 4 டிரா, தோல்வியே கிடையாது! மெக்ரிகரின் வில்லாவுக்கு இரண்டாம் இடம். 11 புள்ளி குறைவு.

1892ல் இரண்டாம் டிவிஷனும் வந்தது. வில்லாவின் முதல் லீக் பட்டத்துக்கு மெக்ரிகர் 1894 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின், 1910க்குள் மேலும் ஐந்து பட்டங்கள்! எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 1911 டிசம்பர் 20ல் காலமானார். 2009ம் ஆண்டு, வில்லா பார்க் மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்தனர்.