மாதம் எட்டு டாலர்!

பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்த தோழர்களுக்குத் தெரிந்திருக்கும், பென்ஷனுக்கு அந்நாளில் நம்மவர் வைத்திருந்த பெயர் உபகாரச் சம்பளம் என்பது. உபகாரமாம்! உழைத்து ஓய்ந்தவன் கையில் மாதந்தோறும் விழும் காசு, கொடுப்பவன் மனமிரங்கிச் செய்கிற தருமம் என்று எண்ணியவர்கள் சூட்டிய பெயர் அது. தருமமா அது? கொடுக்காமல் நிறுத்தி வைத்த கூலியின் பாக்கியல்லவா? அமெரிக்க நாட்டிலே ஒரு கறுப்பின மூதாட்டி இந்தக் கேள்வியோடு முப்பத்து நான்கு ஆண்டுகள் சர்க்காரின் வாசலில் நின்றார். ஹாரியட் டப்மன் அவர் பெயர். அடிமைகளை மீட்ட வீராங்கனையாக உலகம் அவரை அறியும். பென்ஷன் கேட்டு மனுப்போட்ட விதவையாக அவரை அறிந்தவர் சிலரே. அந்தக் கதையைத்தான் நாம் இன்று சொல்ல வந்தோம்.

மேரிலாந்து மாநிலத்தில், டார்செஸ்டர் வட்டாரத்தில், 1822 வாக்கில் அவர் அடிமையாகப் பிறந்தார். தேதி தெரியாது, அடிமைக் குழந்தையின் பிறந்த நாள் ஆண்டைக்கு எதற்கு? சிறுமியாக இருந்தபோது, வேறோர் அடிமையைக் குறிவைத்துக் கங்காணி வீசிய இரண்டு ராத்தல் எடைக்கல் இவர் தலையைப் பிளந்தது. அன்று முதல் இறக்கும்வரை, பேசிக்கொண்டிருக்கும்போதே உணர்விழந்து உறங்கிப்போகும் நோய் அவரை விடவில்லை. அந்தத் தலையோடுதான் 1849ல் தப்பிப் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். அந்தத் தலையோடுதான் பதின்மூன்று தடவைபோல் திரும்பிச் சென்று ஏறத்தாழ எழுபது பேரை இரவோடு இரவாக மீட்டு வந்தார். 1857ல் முதுமையடைந்த தாய் தந்தையரையும் கொண்டுவந்தார். இதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். நாம் மேலே செல்வோம்.

உள்நாட்டுப் போர் மூண்டது. 1862ல் தென் கரோலினாவின் போர்ட் ராயலுக்கு, வடபுலப் பட்டாளத்தோடு சேவை செய்யப் போனார் டப்மன் அம்மையார். மருத்துவமனையில் தாதி வேலை. வயிற்றுக் கடுப்பில் துவண்டு கிடந்த சிப்பாய்களுக்கு வேர்களைக் கொண்டு கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார். காயம் பட்டவர்களைக் கழுவித் துடைத்தார். பிறகு வேவு பார்க்கும் வேலையும் வந்தது. உள்ளூர் ஆறுகளும் சதுப்பு நிலங்களும் தெரிந்த எட்டு ஒன்பது பேரைத் தமக்குக் கீழே வைத்துக்கொண்டு எதிரியின் இருப்பிடங்களை அறிந்து வந்தார். 1863 ஜூன் 2ந் தேதி கம்பாஹி ஆற்றில் கர்னல் மாண்ட்கோமரியின் படகுகள் சென்றன அல்லவா, நீருக்கடியில் எதிரி வெடிகளைப் புதைத்திருந்த இடங்களைத் தாண்டி அவற்றுக்கு வழிகாட்டியவர் இந்த அம்மையார்தான். அந்த ஒரே இரவில் விடுதலை பெற்றவர்கள் எழுநூறு பேருக்கும் மேல்! தோட்ட முதலாளிகளின் களஞ்சியங்கள் எரிந்தன.

சம்பளம்? கறுப்புச் சிப்பாய்க்கே, வெள்ளைச் சிப்பாய்க்குப் பதின்மூன்று டாலர் கிடைத்த இடத்தில், உடைச் செலவைப் பிடித்துக்கொண்டு ஏழு டாலர்தான் தந்தார்கள். 1864ல்தான் அந்த அநீதி திருத்தப்பட்டது. சம்பளப் பட்டியலில் பெயரே இல்லாத பெண்ணுக்கு எவன் தருவான்? போர்க்காலம் முழுவதற்கும் அவர் கைக்கு வந்தது இருநூறு டாலர் போல. அதையும் விடுதலை பெற்ற பெண்கள் துணி வெளுத்துப் பிழைக்க ஒரு சலவைக் கொட்டகை கட்டுவதில் போட்டுவிட்டார். பட்டாளத்து ரேஷனை இவருக்கு மட்டும் கொடுப்பதா என்று கூட இருந்த ஏழைகள் முணுமுணுத்தபோது, அதையும் விட்டுக்கொடுத்தார். பகலெல்லாம் மருத்துவமனை, இரவில் மாப்பண்டமும் வேர்ச்சாற்றுப் பானமும் தயாரித்து விற்று வயிறு கழுவினார்.

போர் முடிந்து 1865ல் வீடு திரும்பியபோது கையில் பட்டாளத்தார் கொடுத்த அரைக்கட்டணப் பாஸ் இருந்தது. ரயில் கண்டக்டர் அதை நம்பவில்லை. கறுப்புப் பெண்ணுக்குப் பட்டாளத்துப் பாஸா? நாலு பேர் சேர்ந்து இழுத்து, சாமான் பெட்டியிலே எறிந்தார்கள். கை முறிந்தது. தேசம் அவருக்குச் செலுத்திய முதல் நன்றி அது.

நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரின் ஓரத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது; 1859ல் சீவர்டு என்னும் அரசியல் தலைவரிடம் 1200 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டில் தாயும் தந்தையும் மட்டுமா இருந்தார்கள்? கண் தெரியாதவர்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகள், ஆண்டை கசக்கிப் பிழிந்துவிட்டுத் தெருவில் விட்ட கிழடுகள், எவர் வந்தாலும் ஓர் இடம் உண்டு. தோட்டம் போட்டார், பன்றி வளர்த்தார், போதாதபோது ஊராரிடம் கூடை ஏந்தினார். தமக்காக அல்ல.

1868ல் ஆபர்ன் ஊர்க்காரர் சார்லஸ் வுட் என்பவர் அம்மையாரின் போர்ச் சேவையை ஆதாரங்களோடு எழுதித் தொகுத்தார். தளபதிகளின் கடிதங்கள் இருந்தன. 1874ல் இரண்டாயிரம் டாலர் கொடுக்க ஒரு மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபை ஏற்றது. செனட் சபை கைவிட்டது. பின்னாளில் அம்மையாரே ஒரு பிரமாண வாக்குமூலம் கொடுத்தார். தாதியாகவும் சமையற்காரியாகவும் வேவுப்படையின் தலைவியாகவும் செய்த மூன்றாண்டு வேலைக்கு 1800 டாலர் வரவேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு. மாதத்துக்கு ஐம்பது டாலர்! பேராசை என்று எவரும் சொல்லட்டும் பார்க்கலாம்.

இதற்கிடையே 1869 மார்ச்சில் நெல்சன் டேவிஸ் என்பவரை மணந்துகொண்டார். எட்டாவது கறுப்பர் காலாட்படையில் சிப்பாயாக இருந்தவர். செங்கல் வேலை தெரிந்தவர். அம்மையாரை விட இருபது வயதுக்கு மேல் இளையவர். காசநோய் அவரைப் பிடித்திருந்தது. போரில் பிறரைப் பேணிய கைகள் வீட்டில் கணவனைப் பேணின. 1888 அக்டோபரில் அவர் மறைந்தார்.

1890 ஜூனில் ஒரு சட்டம் வந்தது. போரில் தொண்ணூறு நாளாவது பணியாற்றி நற்பெயரோடு விலகிய வீரனின் விதவை, கைவேலை தவிர வேறு ஆதாரம் இல்லாதவளாக இருந்தால், மாதம் எட்டு டாலர் கொடுக்கலாம் என்றது. நல்ல சட்டம்தான், பல்லாயிரம் ஏழை விதவைகள் அதனால் கஞ்சி குடித்தார்கள், மறுப்பதற்கில்லை. அம்மையாரும் மனுப்போட்டார். ஆனால் காகிதம் என்று ஒன்று இருக்கிறதே! ஊரில் நெல்சன் டேவிஸ். பட்டாளத்துப் பதிவிலோ நெல்சன் சார்லஸ். அடிமையாக இருந்தவனுக்கு ஒரு பெயர், விடுதலையானவனுக்கு வேறு பெயர் என்பது அந்நாட்டில் வழக்கம். ஆண்டையின் பெயரைச் சுமந்தவன், நுகத்தடியைக் கழற்றியதும் அந்தப் பெயரையும் கழற்றினான். அதற்குத் தண்டனை விதவைக்கு! இருவரும் ஒருவரே என்று சாட்சி கொண்டு வா என்றார்கள். முதல் கணவன் இறந்த பிறகே இந்தத் திருமணம் நடந்தது என்பதற்கும் சாட்சி கேட்டார்கள். ரேஷன் அட்டையில் ஒரு பெயரும் வேலைப் பதிவில் வேறொரு பெயரும் இருந்து, ஓர் எழுத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்த தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாண்டு அலைச்சல். 1895 அக்டோபரில் பென்ஷன் அனுமதியானது. மாதம் எட்டு டாலரும், பழைய பாக்கிக்காக ஐந்நூறு டாலர் போல மொத்தமும் வந்தன. அம்மையாருக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. எழுநூறு பேரை ஓர் இரவில் மீட்டதற்காகவா கிடைத்தது? இல்லை. ஒரு சிப்பாய்க்கு வாழ்க்கைப்பட்டதற்காகக் கிடைத்தது! தாம் செய்த வேலையின் பெயரால் தட்டியபோது திறக்காத கதவு, தாலியறுத்தவள் என்ற பெயரால் தட்டியபோது திறந்தது. நல்லது, எந்தப் பெயரால் வந்தாலும் அது அரிசியாகும், விறகாகும் என்று வாங்கிக்கொண்டார். அதிலே தவறு காண நாம் யார்?

உரிமையை மட்டும் விடவில்லை. 1897 டிசம்பரில் ஆபர்ன் பகுதியின் பிரதிநிதி செரினோ பேய்ன், அம்மையாரின் சொந்தச் சேவைக்காக மாதம் இருபத்தைந்து டாலர், அதாவது ஒரு வீரனுக்குரிய பென்ஷன், தரும்படி மசோதா கொண்டுவந்தார். பெண்ணுக்கு முழுச் சிப்பாய் பென்ஷனா என்று சிலருக்கு மனம் பொறுக்கவில்லை. 1892ல் வந்த சட்டப்படி போர்க்காலத் தாதிகளுக்குப் பன்னிரண்டு டாலர் உண்டு. ஆகவே எட்டோடு பன்னிரண்டைக் கூட்டு, இருபதோடு நிறுத்து என்று பேரம் முடிந்தது. 1899 பிப்ரவரி 28ந் தேதி குடியரசுத் தலைவர் மக்கின்லி கையெழுத்திட்டார். விதவைக்கு எட்டு, தாதிக்குப் பன்னிரண்டு. வேவுப்படைத் தலைவிக்கு ஒன்றுமில்லை. பிடித்துக்கொண்டது மாதம் ஐந்து டாலர்தானே என்று தோன்றலாம். அந்த ஐந்து டாலரில்தான் அவர் சிப்பாயா இல்லையா என்ற வழக்கே அடங்கியிருந்தது.

அந்த இருபது டாலரை வைத்து அம்மையார் என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம். போரில் ஊனமுற்ற வீரர்களுக்குத் தேசிய இல்லங்களை அந்நாடு கட்டியிருந்தது. ஆனால் அவை ஆண்களின் இல்லங்கள். வீரனின் மனைவிக்கு அங்கே கட்டில் இல்லை. பிள்ளைகளைச் சந்தையில் விற்றுப் பறித்துவிட்ட பிறகு, கிழவிக்குக் கஞ்சி ஊற்ற யார் இருக்கிறார்கள்? இந்தக் கவலைதான் அம்மையாரை அரித்தது. 1896ல் தம் வீட்டை ஒட்டிய இருபத்தைந்து ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. கையில் காசில்லாமலே போய் நின்று ஏலம் கேட்டார்! 1450 டாலருக்கு அவர் பேரில் முடிந்தது. வங்கியில் அடமானம் வைத்தும், ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சீயோன் திருச்சபையின் உதவி கொண்டும் பணத்தைக் கட்டினார். வரி ஏறியது, தாங்கமுடியவில்லை. 1903ல் நிலத்தை அந்தத் திருச்சபைக்கே எழுதிக் கொடுத்தார், கறுப்பின முதியோருக்கு இல்லம் நடத்தவேண்டும் என்பதற்காக.

இல்லத்தில் சேர நூறு டாலர் நுழைவுக் கட்டணம் என்று திருச்சபையார் விதி வகுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிவிட முடியாது; சோறும் மருந்தும் பணம் இல்லாமல் வருமா? ஆனால் அம்மையார் கொதித்தார். காசு இருப்பவன் இங்கே எதற்கு வருகிறான், ஒன்றுமே இல்லாதவன்தான் இங்கே வரவேண்டும் என்பது அவர் வாதம். எட்டு டாலருக்கு ஐந்தாண்டு அலைந்த ஒருத்திக்கு, நூறு டாலர் என்றால் எத்தனை மாதக் கஞ்சி என்பது தெரியாதா?

1908 ஜூன் 23ந் தேதி இல்லம் திறக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 1911ல், கால் நடக்க முடியாமல் போன நிலையில் அம்மையாரே அங்கே வந்து சேர்ந்தார். நோயுற்று, கையில் ஒன்றும் இல்லாமல் கிடக்கிறார் என்று நியூயார்க் ஏடு ஒன்று எழுதவே, நாலா பக்கமிருந்தும் புதிதாக நன்கொடை வந்தது. 1913 மார்ச் 10ந் தேதி நுரையீரல் காய்ச்சலில் கண்ணை மூடினார். ஃபோர்ட் ஹில் இடுகாட்டில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மரியாதைக்குப் பணம் செலவில்லை பாருங்கள்!

அந்த ஐந்து டாலர்? 1899 முதல் 1913 வரை கணக்கிட்டால் 840 டாலர் சொச்சம். ஆல்பனி நகரப் பள்ளி மாணவர்கள் இதைக் கிளப்பிக் கேட்டார்கள். 2003ல் அமெரிக்கப் பாராளுமன்றம், குறைத்துக் கொடுத்த பென்ஷனுக்கு ஈடாக 11,750 டாலர் ஒதுக்கியது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஆபர்னில் அவர் வாழ்ந்த வீட்டையும் முதியோர் இல்லத்தையும் பழுது பார்க்க அந்தப் பணம் போயிற்று.